கண்டெடுத்தால் போதாது, எழுத வேண்டும்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையோரம் புலிமான்கோம்பை என்றொரு ஊர். 2006-இல் அங்கே மூன்று நடுகற்கள் வெளிச்சத்துக்கு வந்தன. மூன்றிலும் தமிழின் பழைய வரிவடிவமான தமிழ்-பிராமி எழுத்து. அதுவரை குகைத்தளங்களிலும் பானை ஓடுகளிலும் காசுகளிலும் பார்த்துவந்த அந்த எழுத்து, நடுகல்லில் கிடைத்தது அதுவே முதல்முறை. அவற்றுள் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்ற வீரனுக்காக நட்டது.

கண்டுபிடித்தவர்கள், அப்போது தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய ஆய்வு மாணவர்களும். செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்ட இந்தக் கண்டுபிடிப்பு, அதே ஆண்டில் 'ஆவணம்' 17-ஆம் இதழில் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. இன்று உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்த நடுகற்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், செய்தித்தாளைத் தேடுவதில்லை. அந்தக் கட்டுரையைத்தான் தேடுகிறார்.

'ஆவணம்' தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகத்தின் இதழ். 1991 முதல் வருகிறது. புதிய கல்வெட்டுகள், செப்பேடுகள், காசுகள், நடுகற்கள் என்று தமிழகத்தின் மூலைமுடுக்குகளில் கிடைப்பவை அதில் பதிவாகின்றன. கழகத்தின் ஆண்டுக் கருத்தரங்கில் பேராசிரியர்களோடு பள்ளி ஆசிரியர்களும் ஆர்வலர்களும் தாங்கள் கண்டதை எடுத்துவைக்கிறார்கள். வட்டார வரலாற்று இதழ் என்பதன் பலமே இதுதான். பன்னாட்டு இதழ் ஒன்றில் இடம் கிடைக்காத நான்கு வரிக் கல்வெட்டுக்கும் இங்கே இடம் உண்டு. அந்த நான்கு வரியில் ஓர் ஏரியின் பெயரோ, வழக்கொழிந்த ஒரு வரிவிதிப்பின் பெயரோ இருக்கலாம்.

அப்படியானால் ஊரில் ஒரு கல்வெட்டைப் பார்த்தவர் என்ன எழுத வேண்டும்?

முதலில், இது ஏற்கெனவே பதிவானதா என்று பார்க்க வேண்டும். இந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வெளிவருகின்றன. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதி வரிசையை 1890-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் தொடங்கிவைத்தார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1961-இல் தோன்றி, மாவட்டவாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. இவற்றைப் புரட்டாமல் 'புதிய கண்டுபிடிப்பு' என்று எழுதி அனுப்பினால், இதழாசிரியர் குழு அதை முதல் வாசிப்பிலேயே நிறுத்திவிடும். அச்சான தொகுதிகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் மேலே மாவட்டம், வட்டம், ஊர், மொழி, எழுத்து, மன்னன், ஆட்சி ஆண்டு, கல்வெட்டு இருக்கும் இடம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் 'முன் பதிப்பு' என்ற இனமும் உண்டு. புதிதாக எழுதுபவருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

அடுத்தது மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மேலே மை ஒற்றினால் சுற்றுப்பரப்பு கறுத்துவிடும், எழுத்து வெள்ளையாக நிற்கும். படி எடுக்க வசதியில்லாதவர்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்து ஒளிப்படம் எடுக்கலாம். சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேலேயே எழுதிப் படமெடுக்கும் பழக்கத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். அப்படி எடுத்த படம் கல்லில் உள்ளதைக் காட்டாது, எழுதியவர் என்ன படித்தாரோ அதையே காட்டும்.

படித்த வாசகத்தைப் பதிப்பிப்பதற்கும் முறை இருக்கிறது. வரிக்கு வரி எண் இட வேண்டும். சிதைந்து ஐயத்துக்கு இடமான எழுத்துகள் பகர அடைப்புக்குள் போகும். முற்றிலும் அழிந்த இடத்தில் புள்ளிகள். பதிப்பாசிரியர் தாமாகச் சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி. பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். இத்தனை தடுமாற்றங்களுக்கு இடையில், எது கல்லில் உள்ளது, எது ஆய்வாளரின் ஊகம் என்று பிரித்துக் காட்டினால்தான் இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

காலம் சொல்வதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு சோழர் கல்வெட்டு 'கோப்பரகேசரி' என்று மட்டும் சொல்லி ஆட்சி ஆண்டைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். விசயாலயனும் பரகேசரி, முதற் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரிதான். இவர்களுக்கிடையே நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. 'மதிரை கொண்ட' என்ற அடைமொழி சேர்ந்து வந்தால் அது பராந்தகன் என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் எழுத்தமைதி, குறிக்கப்படும் அதிகாரிகளின் பெயர்கள், வானியல் குறிப்புகள் என்று சான்றுகளை அடுக்க வேண்டும். கிழமையும் நட்சத்திரமும் குறித்த கல்வெட்டுகளின் நாளைக் கணிக்க, சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் ஆய்வாளர்களுக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்துவருகின்றன.

அகழாய்வுக் கட்டுரை என்றால் கேள்விகள் இன்னும் கூடும். பழனி அருகே பொருந்தலில், ஈமச்சின்னம் ஒன்றில் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. அதே சின்னத்தில் பானையைத் தாங்கும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்தது. நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது வந்த விடை கி.மு. 490. ஒரே ஒரு கணிப்பை வைத்து எழுத்தின் காலத்தை முடிவு செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவது மாதிரிக்கு கி.மு. 450 என்று விடை வந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே ஈமச்சின்னத்தில், எந்த நிலையில் கிடைத்தன என்ற பதிவு இருந்ததால்தான் இந்த விவாதமே நடக்க முடிந்தது. மண்ணடுக்கும் ஆழமும் குறிக்காமல் பொருளை மட்டும் படம்பிடித்து அனுப்பினால், அதை வைத்து யாரும் எதையும் நிறுவ முடியாது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதியின்றி அகழாய்வு செய்ய முடியாது. மண்ணில் புதையல் அகப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். தோண்டாமல், மேற்பரப்பில் கண்டதைக் கண்டபடி பதிவு செய்வதே ஆர்வலருக்கு ஏற்ற வழி.

ஒரு கட்டுரையால் என்ன ஆகும் என்பதற்கு 1924-ஐப் பார்க்கலாம். பாண்டிய நாட்டுக் குகைக் கல்வெட்டுகளின் மொழி எது என்று அறிஞர்கள் திணறிக்கொண்டிருந்த காலம். சென்னையில் கூடிய அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் ஒரு கட்டுரை படித்தார். தமிழுக்கே உரிய எழுத்துகளை அவற்றில் இனங்கண்டு, மொழி தமிழ்தான் என்று காட்டினார். பிற்காலத்தில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கட்டியெழுப்பிய தமிழ்-பிராமி ஆய்வுக்கு அதுவே அடித்தளம்.

எழுதிவைப்பதற்கு அவசரமான காரணமும் இருக்கிறது. திருப்பணியின்போது கல்வெட்டுள்ள கற்கள் இடம் மாறுகின்றன, சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்படுகின்றன. மணல்வீச்சால் எழுத்தே தேய்ந்துபோன கோயில்கள் உண்டு. சாலை அகலமாகும்போது நடுகல் காணாமல் போகிறது. வாசகம் அச்சேறியிருந்தால், கல் போனாலும் செய்தி நிற்கும்.

இதற்குப் பல்கலைக்கழகப் பதவி வேண்டும் என்பதில்லை. 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார், கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்தவர். அந்தப் பணியின் நடுவிலேதான் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து இதழ்களுக்கு எழுதிவந்தார். இன்று அப்படி எழுத விரும்பும் ஆசிரியர், ஒரே ஒரு கல்வெட்டோடு தொடங்கலாம்: ஊர், வட்டம், கல் இருக்கும் இடம், நீள அகலம், மைப்படி அல்லது தெளிவான படம், வரி எண்ணிட்ட வாசகம், பொருள் விளக்கம், காலத்துக்கான சான்று. கூட வந்து உதவியவர்களின் பெயரையும், கல்லைக் காட்டிய ஊர்க்காரரின் பெயரையும் குறிப்பிடுவது மரபு. அனுப்பிய பிறகு திருத்தம் கேட்டுக் கடிதம் வந்தால், மறுபடியும் அந்த ஊருக்குப் போய், ஐயம் எழுப்பப்பட்ட எழுத்தைக் கல்லிலேயே பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.