நோவைச் சொல்லும் மொழி

பிறநாட்டிற் குடிபுகுந்த தமிழ் வைத்தியர் ஒருவர் அந்நாட்டிலே தம் தொழிலைத் தொடர்தற்கு எழுதும் பரீட்சையிற் பெருந்தடையாய் நிற்பது யாது? உடற்கூறு அன்று, மருந்தியலும் அன்று. அவை அவர் முன்னரே கற்றுத் தேறியவை. எதிரே இருப்பவர் தம் நோவைச் சொல்லும் சொல்லை விளங்குதலும், விளங்கியதை அவர் அஞ்சாவண்ணம் எடுத்துரைத்தலுமே பலரை இடறிவிடுகின்றன. ஆதலின் இப்பொருள் வைத்தியர்க்கு மாத்திரம் உரியதன்று. மொழி கற்பிப்போராகிய நமக்கும் உரியது.

கொழும்பிலே வைத்தியப் பட்டம் பெற்றோர் முற்காலத்திற் பிரித்தானியாவில் தனிப் பரீட்சை எழுதாமலே பதிவு பெற்றனர். 1970களில் அந்நிலை மாறிற்று. 1975இல், பிறநாட்டுப் பட்டதாரிகளின் வைத்திய அறிவையும் ஆங்கில அறிவையும் ஒருங்கே சோதிக்கும் பரீட்சை தொடங்கிற்று. அதன் வழிவந்ததை இன்று ‘பிளாப்’ என வழங்குவர். முதற்பகுதியில் 3 மணி நேரத்துள் 180 வினாக்களுக்கு விடை தெரிதல் வேண்டும். இரண்டாம் பகுதி மன்செஸ்டர் நகரில் நடைபெறுவது. அங்கே 16 நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் 8 நிமிடம். நோயாளியாய் நடிக்கப் பயின்றோர் எதிரே அமர்ந்திருப்பர். அவர் அழுவர், சினப்பர், ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பர். தேர்வு எழுதுபவர் நோயைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது; எதற்கு அஞ்சி அவர் வந்தார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

இத்தகைய பரீட்சையே வேண்டாம் என்போர் உளர். யாம் அக்கட்சியினர் அல்லேம். உயிரோடு கூடிய தொழிலுக்குச் சோதனை வேண்டியதே. ஆயினும் தாமே விரும்பிக் கடல் கடந்தவரையும், 1983 ஆடிக் கலவரத்தின் பின் உடுத்த உடையோடு ஓடியவரையும் ஒரே நிறையில் வைத்து நிறுத்தல் முறையாகுமா? அகதிக்குச் சான்றிதழ் கைவசம் இராது. படிக்கும் பணம் இராது. உறங்கும் மனமும் இராது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கைப்பழக்கமும் மங்கும். நூறு பேருக்கு மருந்தெழுதிய கை கடையிலே பெட்டி அடுக்கும்.

இது தமிழர்க்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபின் யேர்மனியைவிட்டு நீங்கிய யூத வைத்தியர் பலர், ஸ்கொத்லாந்து சென்று, பேரனுக்குப் பாடம் சொல்லும் வயதிலே மறுபடியும் பரீட்சை மண்டபத்தில் அமர்ந்தனர். 1939இல் அகதியாய் இங்கிலாந்து சேர்ந்த லுட்விக் குட்மன் என்பாரே 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முதுகுத்தண்டு முறிந்தோர்க்கான பிரிவைத் தொடங்கியவர். எழமாட்டார் என்று கைவிடப்பட்டோர் சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாடிய போட்டிகள் அவராற் பிறந்தன. அவரை ஏற்றதனால் இங்கிலாந்து இழந்தது என்ன?

இப்பொழுது அங்கே அகதி வைத்தியரைக் கைதூக்கும் ஏற்பாடுகள் சில உள. பதிவு மன்றம் அவர்க்குப் பரீட்சைக் கட்டணத்திற் சலுகை அளிக்கிறது. மன்செஸ்டரை அடுத்த சல்போர்டிலே அகதி வைத்தியர்க்கெனவே ஒரு கல்வி நிலையம் நடைபெறுகிறது. வைத்திய நூலோடு, நோயாளியோடு உரையாடும் ஆங்கிலமும் அங்கே கற்பிக்கப்படும்.

அவ்வுரையாடல் எத்துணை அரிது என்பதை நம் மொழியை வைத்தே அறியலாம். யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி ‘நாரி உளையுது’ என்பாள். உளைவு வேறு, குத்து வேறு, கடுப்பு வேறு, எரிவு வேறு, விறைப்பு வேறு. தலைவலி என்னாது தலையிடி என்பாள். வாந்தி என்னாது சத்தி என்பாள். மூச்சிழுப்பை ‘முட்டு’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுவாள். சளிப்பிடித்தல் அவளுக்குத் தடிமன். இவற்றுள் உளைவுக்கும் குத்துக்கும் உள்ள வேற்றுமை வைத்தியர்க்குச் சொல்லழகு அன்று. ஒன்று தசையைக் காட்டலாம், மற்றொன்று சிறுநீரகக் கல்லைக் காட்டலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழ் வைத்தியரே இங்கே ஒருகணம் தயங்குவார். அங்ஙனமாயின், மன்செஸ்டர்க் கிழவியின் எதிரே நம்மவர் தயங்குதலில் வியப்பென்னை? பேச்சு வழக்கை இழிவழக்கு என்று தள்ளும் பண்டிதர் கூட்டத்திலே யாமும் ஒருவரே. எனினும் நோயாளி நன்னூல் பார்த்து முனகுவதில்லை.

இத்தடையை எதிர்த்திசையிற் கடந்தவர் ஒருவர் நம் மண்ணிலே வாழ்ந்தார். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் புரிந்தும் கற்பித்தும், தமிழைக் கற்று, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்குவித்தார். 1860களில் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே மாணவர்க்குப் பாடம் நடத்தலானார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் தேடிப் புறத்தே சென்றுவிடுவர், தமிழிற் கற்றோர் கிராமத்தில் நிற்பர் என்பது அவர் கணிப்பு.

அக்கணிப்பு நம்மை இன்றும் உறுத்துகிறது. திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கிப் போர்க்காலத்திலும் வைத்தியரை ஆக்கித் தந்தது. அவருட் பலர் இன்று கடல் கடந்துளர். போகிறவரைத் தடுப்பது எம் கருத்தன்று. வருகிறவரையும் எண்ணுதல் வேண்டும் என்பதே கருத்து. உருசியா, சீனம் முதலிய நாடுகளிற் படித்து மீளும் நம் பிள்ளைகள் இலங்கை மருத்துவ மன்றத்தின் பதிவுப் பரீட்சையில் தேறினாலன்றி இங்கே தொழில் புரிதல் இயலாது. அப்பரீட்சைக்கு நூல் உண்டு. தேறியபின் நாரி உளைவோடு வரும் கிழவியை விளங்குதற்கு நூல் எங்கே?

கிறீன் காலத்தார் வைத்தியக் கலைச்சொற்களைத் தொகுத்துச் சென்றனர். நோயாளியின் சொற்களைத் தொகுத்தல் நமக்கு எஞ்சியுள்ளது. வடமராட்சியில் ஒருவாறும் தீவகத்தில் ஒருவாறும் வழங்கும் நோவுச் சொற்களை, மேல்வகுப்பு மாணவர் பத்துப்பேர் தத்தம் பாட்டியாரிடம் கேட்டெழுதத் தொடங்கினால், ஒரு விடுமுறைக்குள் சிறு கையேடொன்று ஆகும். பொருளைத் திருத்த ஒரு வைத்தியரும், எழுத்தைத் திருத்த ஒரு பண்டிதரும் உடனிருந்தால் அமையும்.