கார்த்திகை வெள்ளமும் கத்திரி வெயிலும் தாங்கும் நிழல்மரங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் பெரும்பகுதி எண்ணிச் சொல்லத்தக்க சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் தாழ்வான களிமண் நிலங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அதே நிலம் சித்திரை, வைகாசியில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்க, திருத்தணிப் பக்கம் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. ஆகவே இப்பகுதியில் நிழலுக்கென ஒரு மரத்தைத் தேர்ந்தெடுப்பவர், அது எத்தனை ஆண்டில் கூரை உயரம் வளரும் என்று கேட்பதற்கு முன், வேர் நீரில் ஊறும் கார்த்திகையையும் ஈரம் முற்றிலும் வற்றும் கத்திரியையும் ஒரே மரம் தாங்குமா என்று கேட்டாக வேண்டும். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைகளிலும் அவற்றைச் சுற்றிய சாலைகளிலும் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே பல மரக்கன்றுகள் நடப்படுகின்றன. அவற்றில் கணிசமானவை இரண்டாவது கோடையைக் காண்பதில்லை.

இதே கேள்விக்கு அமெரிக்காவின் தென்கடற்கரை கண்ட விடை ஓக் மரம். மழையும் வெக்கையும் சூறாவளியும் மிகுந்த லூசியானா, புளோரிடா மாநிலங்களில் ‘லைவ் ஓக்’ எனப்படும் நாட்டு ஓக் மரம், உயரத்தைவிட அகலம் மிகுந்த குடையாக விரிந்து, பழைய இலைகள் உதிரும்போதே புதிய இலைகளை விட்டு, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நிழல் தருகிறது. 1990-களிலும் 2004, 2005 ஆண்டுகளிலும் அடித்த சூறாவளிகளுக்குப் பின் நகர மரங்களை ஆராய்ந்த புளோரிடா பல்கலைக்கழகத்தார், காற்றுக்கு மிக நன்றாக ஈடுகொடுத்த மரங்களில் ஒன்றாக இந்த ஓக்கைக் குறித்ததோடு, தனித்து நின்ற மரங்களைவிடக் கூட்டமாக நின்றவை அதிகம் தப்பின என்றும், வேர் பரவ இடமில்லாத மரங்களே எளிதில் சாய்ந்தன என்றும் பதிவு செய்தனர். ஓக் இனம் எதுவும் தமிழகத்தில் இயற்கையாக வளர்வதில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் ‘சில்வர் ஓக்’ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்து மரம். எனவே சோழமண்டலக் கடற்கரை எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மரத்தை அன்று, அந்த மண்ணிலேயே பிறந்த மரத்தைத் தேடும் முறையை.

அப்படித் தேடுபவருக்கு விடை தொலைவில் இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் ஏவப்பட்டது முதல் விண்வெளித் தளமாகவே அறியப்படுகிறது. ஆனால் தளத்தின் காவலுக்குள் அடங்கியதாலேயே, இக்கடற்கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் பெரிய பரப்பொன்று அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. உலர் பசுமைமாறாக் காடு என்பது, மழை குறைந்த மாதங்கள் நீண்டிருந்தும் இலையை மொத்தமாக உதிர்த்துவிடாமல், தடித்த, மினுமினுப்பான, சிறிய இலைகளால் ஈரத்தைக் காத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும் குட்டையான அடர்காடு. விசாகப்பட்டினம் தொடங்கி இராமநாதபுரம் வரை கடலோரமாக ஒரு காலத்தில் பரவியிருந்த இக்காடு, இன்று கோயில் காடுகளாகவும் காப்புக்காட்டுத் துண்டுகளாகவும் சிதறிக் கிடக்கிறது. பாலை, வீரை, காசா, நாவல் ஆகியவை இதன் முதன்மையான மரங்கள்.

இவற்றுள் பாலை மரம் தொழிற்பேட்டைக்காரர்கள் அறவே மறந்துவிட்ட ஒன்று. கிளையை ஒடித்தால் பால் வடியும். தடித்த இலைகள் கிளை நுனிகளில் நெருங்கி நின்று வெயிலை உள்ளே விடாது. சிறிய மஞ்சள் பழங்களுக்குப் பறவைகள் கூடும். இரும்புக்கு நிகரான வைரம் பாய்ந்த மரமாதலால் புயலில் எளிதில் முறியாது. அது மெல்ல வளரும் என்பதே அதன் மீதுள்ள ஒரே புகார். விந்தை என்னவென்றால், சப்போட்டா ஒட்டுக்கன்று கட்டும் நாற்றங்கால்காரர்கள் அடிக்கன்றாகப் பயன்படுத்துவது இந்தப் பாலையைத்தான். வீட்டுத் தோட்டத்தில் சப்போட்டா ஒட்டு பட்டுப்போய், அடியிலிருந்து வேறு இலையோடு துளிர்க்கும் ‘காட்டுச் செடி’ என்று பிடுங்கி எறியப்படுவது, பல வேளைகளில் நூறாண்டு நிற்கக்கூடிய ஒரு நிழல்மரம். சப்போட்டாவுக்காகப் பாலைக் கன்று வளர்க்கத் தெரிந்த நாற்றங்கால்களிடம், பாலையைப் பாலையாகவே விற்கும்படி கேட்பதற்கு ஆள் இல்லாததுதான் குறை.

தண்ணீர் தேங்கும் இடத்துக்கு நாவலும் நீர்மருதும் புங்கனும் ஏற்றவை. நாவல் ஆற்றங்கரை மரம். சில வாரங்கள் அடிமரம் நீரில் நின்றாலும் சாகாது, கோடையிலும் இலை மூடி நிற்கும். அதன் பழச்சாறு படிந்த கறை போகாது என்பதால், மேலாளரின் வெள்ளைக் கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் அது உகந்ததன்று. புங்கன், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகள் வழியே மண்ணில் சேர்க்கும் அவரைக் குடும்பத்து மரம். சற்று உவர்ப்பையும் தாங்கும். மாசியில் இலை உதிர்த்தாலும், வெயில் ஏறும் பங்குனியில் எண்ணெய் தடவியது போன்ற புதுத்தளிரோடு நிழலைத் திருப்பித் தந்துவிடும். அதன் பூக்கள் காலையில் தரையில் பொரி இறைத்தாற்போல் உதிர்ந்து கிடப்பதைக் குப்பை என்று கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே விட்டுவிட்டால், அதுவே மண்ணுக்கு எரு.

மாதக்கணக்கில் நீர் நிற்கும் ஏரி உள்வாய்க்கும் வடிகால் ஓரத்துக்கும் செங்கடம்பு உண்டு. கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் ஆண்டுதோறும் மாதக்கணக்கில் வெள்ளத்தில் மூழ்கி மீளும் காட்டின் முதன்மை மரங்களில் ஒன்றான இது, சரம் சரமாகத் தொங்கும் சிவந்த பூக்களை இரவில் மலர்த்தி விடியலில் உதிர்த்துவிடும். ஆங்கிலேயர் இதை ‘இந்தியன் ஓக்’ என்று அழைத்தார்கள். ஓக்கோடு இதற்கு எந்த உறவும் இல்லை என்றாலும், ஈரநிலத்து நிழல்மரம் என்ற வகையில் அந்தப் பெயர் பொருந்தாமலும் போகவில்லை. பழவேற்காட்டை ஒட்டிய உப்புக் காற்றும் மணலும் உள்ள இடங்களில் புன்னையும், போத்து நட்டாலே வேர்விடும் பூவரசும் போதும். இலுப்பையையும் மகிழையும் நீர் வடியும் மேட்டில் வைப்பது நல்லது.

வேம்பைப் பற்றி ஒரு சொல் தனியே சொல்ல வேண்டும். எங்கும் எவரும் முதலில் நடுவது வேம்பே. வறட்சிக்கு அதைப்போல் ஈடுகொடுக்கும் மரம் குறைவு என்பதும் உண்மை. ஆனால் வேர் நீரில் நிற்பதை வேம்பு பொறுக்காது. பொன்னேரிக் களிமண் பள்ளத்தில் நட்ட வேப்பங்கன்று தை மாதத்தில் பழுத்துப் பட்டுப்போவதற்குக் காரணம் பராமரிப்புக் குறைவு அன்று, இடம் தவறியதுதான்.

விரைவாக வளரும் வெளிநாட்டு மரங்களின் கதை வேறு வகை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது சாய்ந்த சாலையோர மரங்களில் குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை போன்றவை மிகுந்திருந்தன என்பது அப்போது பரவலாகக் கவனிக்கப்பட்டது. நாட்டு மரங்களும் சாயாமல் இல்லை. சாலையும் கால்வாயும் கேபிளும் போடுவதற்காக ஒரு பக்கத்து வேரை வெட்டியிருந்தால் எந்த மரமும் காற்றுக்கு நில்லாது. எனினும் மென்மையான மரக்கட்டையும் மேலோட்டமான வேரும் அகன்ற தலையும் ஒருங்கே அமைந்த மரத்தைப் புயல் வரும் கடற்கரையில் வரிசையாக நடுவது, தெரிந்தே வாங்கும் இடர். அண்மைக் காலத்தில் வேலிபோல் அடர்ந்து விரைவில் வளர்வதால் பலரும் விரும்பி நட்ட கோனோகார்ப்பஸ் மரத்துக்கு 2023-இல் குஜராத் அரசு தடை விதித்தது. பின்னர் தமிழக அரசும் அதைத் தவிர்க்கும் முடிவுக்கு வந்தது.

ஆலை வளாகங்களைப் பொறுத்தவரை, நாட்டு மரம் நடுவது விருப்பத்துக்கு விடப்பட்ட செய்தி அன்று. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் ஆலைகளுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நெடுநாள் வழக்கமாக விதித்துவந்த நிபந்தனை, மொத்த நிலத்தில் 33 விழுக்காட்டில் நாட்டு மரங்களைக் கொண்டு பசுமைப் பட்டை அமைக்க வேண்டும் என்பது. பசுமைப் பட்டை என்றால் புகை, தூசி, இரைச்சல் ஆகியவை வெளியே பரவாமல் தடுக்க ஆலையைச் சுற்றிப் பல அடுக்காக வளர்க்கப்படும் மரவேலி. இதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. ஆனால் எக்டேருக்கு 2,500 மரம் என்ற வழக்கமான கணக்கில் நட்டால் ஒவ்வொரு கன்றுக்கும் கிடைப்பது இரண்டு மீட்டர் சதுரம் மட்டுமே. முப்பது அடி விரிய வேண்டிய நாவல் அந்த இடத்தில் வெளிச்சம் தேடிக் குச்சியாக உயர்ந்து, தலையில் மட்டும் இலை சுமந்து, முதல் புயலில் வளைந்துவிடும். புகையைத் தடுக்க நெருக்கம் வேண்டும், நிழலுக்கு அகலம் வேண்டும். இரண்டையும் பெற, நிலைத்து நிற்க வேண்டிய நாவல், பாலை, மருது ஆகியவற்றை முப்பது அடி இடைவெளியில் முதலில் குறித்துவிட்டு, நடுவே பூவரசு, புங்கன் போன்றவற்றை நெருக்கமாக நட்டு, ஏழெட்டு ஆண்டில் உரிய அனுமதியோடு அவற்றைக் கலைத்துவிடலாம். அப்படிக் கலைக்கும் திட்டத்தை நடும் நாளிலேயே எழுதி வைக்கும் ஆலைதான் உண்மையில் மரம் வளர்க்க நினைக்கிற ஆலை. மற்றவை எண்ணிக்கை வளர்க்கின்றன.

நடும் முறையிலும் பாடப்புத்தகச் சட்டம் இங்கே அப்படியே செல்லாது. மூன்றடிக் குழி என்பது மணலுக்கும் சரளைக்கும் சரி. அதில் ஏரி வண்டலும் தொழு உரமும் கலந்து நிரப்பலாம். களிமண்ணில் அதே குழி மழைக்காலத்தில் தொட்டியாக மாறி வேரை அழுக வைக்கும் என்பதால், அங்கே நிலமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயரமும் நாலைந்தடி அகலமும் உள்ள மண்மேட்டைக் கட்டி அதன் மேல் நடுவதே முறை. ஆலைகளில் நிலத்தை உயர்த்துவதற்காகக் கொட்டிய கட்டட இடிபாடும் உலைக் கசடும் லாரிச் சக்கரங்களால் இறுகிப் பாறையாகியிருக்கும். அதை உடைத்து அகற்றாமல் சிறு குழி மட்டும் தோண்டினால் வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். பாலித்தீன் பையில் நெடுநாள் இருந்த கன்றுக்கு அந்தச் சுற்றல் முன்பே தொடங்கியிருக்கும்: பையைக் கிழித்ததும் மண்கட்டியின் அடியில் வேர் வளையம் தெரிந்தால் கூரான கத்தியால் அதை அறுத்துவிட்டே நட வேண்டும். அறுக்காமல் விட்டால் பத்தாண்டு கழித்து அந்த வளையமே அடிமரத்தை இறுக்கி, காற்றில் மரத்தைச் சாய்க்கும். வேரும் தண்டும் சேருமிடம் மண்ணுக்குள் புதையக் கூடாது.

நடவுக்கு உகந்த காலம் ஐப்பசித் தொடக்கம். முதல் இரண்டு கோடையும் வாரம் இருமுறை நீர் தேவை. ஆள் குறைவான இடங்களில், அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றருகே புதைத்து நீர் நிரப்பும் பழைய முறை இன்றும் வேலை செய்கிறது. உதிர்ந்த இலைகளைக் கன்றைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினால் நீர்ச்செலவு குறையும்; தண்டைத் தொடும்படி குவித்தால் மட்டும் பூஞ்சணம் வரும். இரட்டைத் தண்டு பிரிந்தால் ஒன்றை இளமையிலேயே கழிக்க வேண்டும். உலைத் தூசி படியும் இடங்களில் இலைத்துளைகள் அடைபட்டு மரம் சோர்ந்துவிடுவதால், மழையில்லா மாதங்களில் இலைகளை நீரடித்துக் கழுவுவதும் பராமரிப்பில் சேரும். பாதை போடுபவர்கள் அடிமரம் வரை சிமென்ட் பூசிவிடுவது இப்பகுதியில் மரங்களுக்கு நேரும் பெருங்கேடு. குறைந்தது ஆறடிச் சதுரம் மண் திறந்திருக்க வேண்டும்.

தமிழகத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது முதல், வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் கிடைப்பது எளிதாகியிருக்கிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் ஆலைகளும் உள்ளாட்சிகளும் அதோடு மூன்றாவது கோடையில் உயிரோடு நிற்பவற்றின் எண்ணிக்கையையும் அறிவித்தால், எந்த மரம் எந்த மண்ணுக்கு என்பது தானே தெளிந்துவிடும். வீட்டளவில் தொடங்க விரும்புவோருக்கு அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நாவல் பழம் ஆனி, ஆடியில் தெருவோரம் விற்பனைக்கு வருகிறது. அதன் விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழக்கும் என்பதால், தின்றதும் கழுவி ஒரு வாரத்துக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். அடுத்த ஆண்டு ஐப்பசிக்கு அது நிலத்தில் நடத்தக்க கன்றாகியிருக்கும்.