நோயாளியிடமும் கேளுங்கள்!



வீடு கட்டுபவர் அடுக்களை எப்படி அமைய வேண்டும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்கிறார். ஆண்டுக்கணக்கில் நீரிழிவோடு வாழும் ஒருவரிடம், "மருத்துவமனை எவ்வாறு நடந்தால் உங்களுக்கு நலம்?" என்று எவரேனும் கேட்டதுண்டா?

எம் மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் பாட்டியார், நெடுங்காலமாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். ஒரு ரமழானில், காலை மாத்திரையைத் தாமாகவே ஸஹர் நேரத்திற்கு மாற்றிக்கொண்டார். அஸருக்குப் பின் உடல் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுந்தார். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். "டாக்டரிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். "அவங்களும் கேக்கலே ஹஜ்ரத், நானும் சொல்லலே. நோன்பே வேணாம்னுடுவாங்களோன்னு பயம்" என்றார்.

இரு மௌனங்களுக்கிடையே ஓர் உயிர் ஊசலாடியது!

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2001ஆம் ஆண்டில் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடையே ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவுடையோரில் 79 விழுக்காட்டினர் நோன்பு நோற்றனர். கடுமையான சர்க்கரைத் தாழ்வு, ஏனைய மாதங்களைவிட ரமழானில் கூடுதலாக இருந்தது. ஆகவேதான் ரமழானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து, நோன்பு நோற்கலாமா, மருந்தை எவ்வாறு மாற்றுவது என்று அறிய வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். அதாவது, ரஜப் மாதத்திலேயே!

நம் ஊர் மருத்துவமனையில் ரஜப் மாதம் அதற்கென ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? ஒதுக்கலாம். ஆனால் அந்தத் தேவையை அவர்களுக்கு எடுத்துரைப்பது யார்? நாம்தான்.

தம் உடல்நலப் பணிகளைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் அறிவித்தது. கலந்தாலோசனையின் பெயராலேயே ஓர் அத்தியாயத்தைத் திருமறையில் பெற்றுள்ள நமக்கு இது புதிய பாடமா?

வழிகளும் இல்லாமலில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளர் நலச் சங்கங்கள் உண்டு. தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு 4 முறை கூடியது போய், 2022 முதல் 6 முறை கூடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையுடன் வீடு தேடி வரும் சகோதரியும் உங்கள் குறைகளை மேலிடத்திற்குக் கொண்டு செல்லலாம்.

என்ன சொல்வது? அன்றாடக் கூலிக்குச் செல்பவர் எந்த நாளில் மருந்து வாங்க இயலும்? வெறும் வயிற்றோடு வரும் முதியவரை எவ்வளவு நேரம் காக்க வைப்பது? பாதப் புண்ணைக் காட்டப் பெண்களுக்கு மறைவிடம் உண்டா? இவற்றின் விடை மருத்துவ நூலில் இல்லை. நோயாளியின் நாவில் இருக்கிறது.

மஹல்லாவில் நீரிழிவுடையோர் பத்துப் பேர் கூடுங்கள். ஆண்களோடு பெண்களும் பேசட்டும். தேவைகளை ஒரு தாளில் எழுதி, ஜமாஅத் நிர்வாகிகளுடன் சென்று மருத்துவ அலுவலரைச் சந்தியுங்கள். குறை கூறுவதற்காக அன்று, துணை நிற்பதற்காக.

அடுத்த ரமழானில் எந்தப் பாட்டியாரும் அச்சத்தால் வாய் மூடியிராதிருக்கட்டும். இன்ஷா அல்லாஹ்!