உங்களை எவ்வாறு அழைக்கலாம்?

வார்டில் நாங்கள் ‘பாட்டி’, ‘கண்ணு’, ‘செல்லம்’ என்று அன்போடு அழைப்பதுண்டு. அச்சத்தோடு படுத்திருப்பவர் சிலருக்கு அது தாய்வீட்டுக் குரல். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கோ, நோயோடு தம் பெயரும் பறிபோனதாகத் தோன்றலாம். முதுமை மறதிநோய் உடையோரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினால், அவர்கள் பராமரிப்புக்கு இணங்க மறுப்பது கூடுவதாக 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

பாதுகாப்பும் இதில் அடங்கும். மருந்து கொடுக்குமுன்னும் இரத்தம் ஏற்றுமுன்னும் பெயர், பிறந்த தேதி போன்ற இரு அடையாளங்களையேனும் சரிபார்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. ஒரே வார்டில் ‘பாட்டி’ பலர் இருப்பர். பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தால் குழப்பம் குறையும்.

எனவே, விரும்பும் அழைப்பைச் சேர்க்கையின்போதே செவிலியரிடம் கூறுங்கள். பேச இயலாதவருக்காக உறவினர் கூறலாம். பிடிக்காத அழைப்பை மறுக்கத் தயங்க வேண்டா. அதனால் எங்கள் அன்பு குறையாது.