கடற்கரை யார்க்கு உரியது?

உலகிலுள்ள பொருள்களில் சில தனியார்க்கு உரியன. சில யாவர்க்கும் பொதுவானவை. வீடும் தோட்டமும் தனியார் உடைமைகள். வீசும் காற்றும் விரிந்த கடலும் எவரேனும் ஒருவர்க்கு மட்டும் உரியன அல்ல. இவ்விருவகைக்கும் இடையே நிற்பது கடற்கரை. அதன் ஒரு புறத்தில் விலைக்கு வாங்கப்படும் நிலம். மறு புறத்தில் விலையில்லாக் கடல். ஆதலின், ‘கடற்கரை யார்க்கு உரியது?’ என்னும் வினா பன்னெடுங் காலமாகவே எழுந்து வருகிறது. விடுமுறை நாள்களில் மக்கள் திரள்திரளாகக் கடற்கரையை நாடத் தொடங்கிய பின்னர், அவ்வினா மேலும் கூர்மை பெற்றது.

இவ்வினாவிற்கு மிகப் பழைய விடை ஒன்று உண்டு. ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் ஆணையால் கி.பி. 533-இல் வெளியிடப்பெற்ற சட்ட நூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கை நெறிப்படி மாந்தர் அனைவர்க்கும் பொது என்று கூறிற்று. எவரும் கரையில் குடில் அமைத்துத் தங்கலாம். வலைகளை உலர்த்தலாம் என்றும் அந்நூல் மொழிந்தது.

பிற்காலத்துச் சட்டங்கள் கரையைப் பகுதிகளாகப் பிரித்து நோக்கின. கடல் நாள்தோறும் பொங்கி ஏறுவதும் வற்றி இறங்குவதும் இயல்பு. ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் இடைப்பட்டது ஈரமணல். ஏறும் எல்லைக்கு மேலே புல்லும் செடியும் தொடங்கும் இடம் வரையில் உள்ளது உலர்மணல். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடலோர மாநிலங்கள் பலவற்றில் ஈரமணல் பொதுமக்களுக்கு உரியது. ஆயினும் எல்லா மாநிலங்களும் ஒருபடித்தானவை அல்ல. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், கப்பல் துறைகள் பெருக வேண்டும் என்னும் கருத்தால், கடல் இறங்கும் எல்லை வரையில் நிலவுரிமை தனியார்க்கு 1647-ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. மீன்பிடித்தல், பறவை வேட்டையாடுதல், படகு செலுத்துதல் என்னும் மூன்று உரிமைகளே பொதுமக்களுக்கு எஞ்சின. அதனால் இன்றும் அம்மாநிலத்தின் தனியார் கரைகளில், தூண்டிலோடு செல்பவர் தடையின்றிச் செல்லலாம். வெறுங்கையோடு உலாவச் செல்பவரோ உரிமையாளரின் இசைவைப் பெறல் வேண்டும்!

இதற்கு நேர்மாறான வரலாறு உடையது ஆரிகன் மாநிலம். அது பசிபிக் பெருங்கடலின் கரையில் அமைந்தது. ஏறத்தாழ 360 மைல் நீளமுள்ள கடற்கரையை உடையது. பாறைகளும் காடுகளும் செறிந்த அக்கரையோரத்தில் முற்காலத்தில் நல்ல சாலைகள் இல்லை. கடல் வற்றியிருக்கும் வேளையில் இறுகிக் கிடக்கும் ஈரமணலின் மீதே மக்கள் குதிரை வண்டிகளை ஓட்டிச் சென்றனர். 1911-ஆம் ஆண்டில் அம்மாநில ஆளுநராகப் பதவி ஏற்ற ஆஸ்வால்டு வெஸ்ட் என்பார், அந்த ஈரமணற் பரப்பின் சில பகுதிகள் தனியார்க்கு விற்கப்பட்டுவிட்டதைக் கண்டார். எஞ்சியதையேனும் காக்க வேண்டும் எனத் துணிந்தார். கடற்கரை முழுவதையும் பொது நெடுஞ்சாலையாக அறிவித்தால், வரி செலுத்துவோர்க்கு ஒரு காசும் செலவின்றி நீண்ட சாலை கிடைக்குமே என்று எடுத்துரைத்தார். இவ்வெளிய வாதம் வென்றது. வடக்கே கொலம்பியா ஆறு முதல் தெற்கே கலிபோர்னியா எல்லை வரையில் உள்ள ஈரமணல், 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது நெடுஞ்சாலை ஆயிற்று.

ஆயினும் அச்சட்டம் உலர்மணலைக் குறித்து ஒன்றும் கூறவில்லை. மக்கள் அமர்ந்து உண்பதும், குழந்தைகள் மணல்வீடு கட்டி விளையாடுவதும் உலர்மணலில்தானே? யாரும் தடுக்காமையால், அதுவும் பொதுவே என்று அனைவரும் எண்ணியிருந்தனர். 1966-ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் குலைந்தது. கேனன் பீச் என்னும் ஊரில் விடுதி ஒன்றின் உரிமையாளர், தம் விடுதிக்கு எதிரே உள்ள உலர்மணலை மரக்கட்டைகளால் அடைத்து, அது தம் விருந்தினர்க்கே உரியது என்று அறிவித்தார். அங்கு வந்தமர்ந்த பிறர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். செய்தி பரவியது. ஒருவர் இட்ட வேலியைக் கண்டு அனைவரும் வேலியிட்டால், ஈரமணல் பொதுவாக இருந்தும் பயன் என்ன? கடல் ஏறும் வேளையில் மக்கள் நிற்பதற்கும் இடம் இராதன்றோ!

ஆகவே, உலர்மணலையும் காக்கும் பொருட்டுச் சட்டமன்றத்தில் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. நில உரிமையாளர்கள் அதனை எதிர்த்தனர். அவர்கள் கூற்றையும் முற்றும் தள்ளிவிடுதற்கு இல்லை. விலை கொடுத்து வாங்கி வரியும் செலுத்திவரும் நிலத்தில் பிறர் நுழைவதை யாரே விரும்புவர்? மசோதா குழுவிலேயே தேங்கிக் கிடந்தது. அப்போது ஆளுநராக இருந்த டாம் மெக்கால் முன்னர்ச் செய்தியாளராகப் பணியாற்றியவர். ஆகவே, மக்கள் கருத்தின் வலிமையை அறிந்தவர். 1967 மே 13-இல் அறிஞர்களையும் நில அளவையாளர்களையும் உடன் அழைத்துக்கொண்டு, அவர் ஹெலிகாப்டரில் கடற்கரையில் வந்திறங்கினார். எல்லை எங்கே அமைய வேண்டும் என்பதை மணலிலேயே அளந்து காட்டச் செய்தார். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அக்காட்சியை நாடெங்கும் பரப்பின. பொதுமக்கள் கடிதங்களை எழுதிக் குவித்தனர். தேங்கிய மசோதா அசைந்தது. அவ்வாண்டு ஜூலை 6-இல் அது சட்டமாயிற்று.

அச்சட்டம் நிலத்தைப் பறிக்கவில்லை. உலர்மணல் யாருடையதோ அவருடையதாகவே இருக்கலாம். ஆனால் செடிகள் தொடங்கும் எல்லை வரையில் மக்கள் உலாவவும் அமரவும் உள்ள உரிமை காக்கப்படும். இசைவின்றி அங்கு வேலியோ கட்டடமோ எழுப்புதல் ஆகாது. இதுவே அதன் சாரம். உடைமை ஒருவரிடமும் துய்க்கும் உரிமை பலரிடமும் இருத்தல் கூடும் என்பதை அச்சட்டம் மெய்ப்பித்தது.

இவ்வுரிமை நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. 1969-இல் ஆரிகன் உச்ச நீதிமன்றம், வழக்காறு என்னும் பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கையின் துணைகொண்டு தீர்ப்பு வழங்கியது. தொன்மையும் இடையறாமையும் அமைதியும் நேர்மையும் வாய்ந்த வழக்கம் சட்டத்திற்கு ஒப்பாகும் என்பது அக்கொள்கை. ஐரோப்பியர் வந்து குடியேறுவதற்கு முன்பே, தொல்குடி மக்கள் அம்மணற்பரப்பைப் பயன்படுத்தி வந்தனர். வந்தோரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். ஆகவே மக்களின் உரிமை வேலியினும் பழமையானது என்று முடிவாயிற்று.

கரை பொதுவாயின் மட்டும் போதுமா? அதனை அடைய வழியும் வேண்டும். கலிபோர்னியா மாநிலத்தில் ஈரமணல் பொதுமக்களுக்கு உரியதே. ஆயினும் மாலிபு போன்ற இடங்களில் கரையோரம் நெடுக வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வீடுகளுக்கு இடையே உள்ள சிறு வழியின் கதவு அடைக்கப்படின், சாலையில் நிற்பவர்க்குக் கடலின் ஓசை மட்டுமே கிட்டும். அதனாலேயே 1976-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம், பொதுமக்கள் கரையை அடையும் வழிகளைக் காக்கவும் பெருக்கவும் ஏற்பாடு செய்தது.

இன்று வேறோர் இடர் தோன்றியுள்ளது. உலகம் வெப்பமுறுதலால் கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. பல இடங்களில் கரை அரிக்கப்படுகிறது. வீட்டைக் காக்கத் தடுப்புச் சுவர் எழுப்பினால், கடல் முன்னேற மணல் பின்வாங்க இயலாமல் சுருங்கி மறைகிறது. இந்நிலையில் ஆரிகன் சட்டம் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. அங்குச் சட்டம் குறித்த எல்லை, செடிகள் நிற்கும் எல்லை ஆகிய இரண்டில் எது நிலப்பக்கம் மிகவும் உள்ளடங்கியுள்ளதோ அதுவே கரையின் எல்லையாகும். கரை நகரின், மக்களின் உரிமையும் உடன் நகரும்.

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. குப்பைகளை எறிந்தும் கூச்சலிட்டும் கரையோர மக்களுக்குத் தொல்லை விளைப்பவர், வேலியிட விரும்புவோர்க்கு வலிமை தேடித் தருபவரே ஆவர். பொது இடத்தைத் தம் இல்லம்போற் பேணுவோரே அதனைத் தம் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்வர். அலைகள் கரையை நாடி வருங்கால் ஆளறிந்து வருவதில்லை. அவ்வலைகளைக் காணச் செல்லும் வழியும் ஆளறிந்து திறத்தல் முறையன்று.