ஜாகா நிறுத்தி விசாரிக்கலாமா?

"அண்ணே, மாசம் அறுபது வெள்ளி கட்டுறோம். முகம் தெரியாத ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல மூணு சுத்து சுத்துறான். ஜாகா பார்த்துக்கிட்டே நிக்கிறாரு. பிடிச்சு விசாரிக்க வேணாமா?"

தாமான் கூட்டம் முடிந்து எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு தே தாரிக் ஆறும் நேரத்தில் பதில் சொல்லிவிட முடியாது, இரண்டாவதும் வரட்டும் என்றேன்.

பத்து பாகாட்டிலிருந்து குளுவாங் போகும் சாலையில் ஸ்ரீ காடிங், பாரிட் ராஜா பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், தோட்டமாக இருந்த இடங்களில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்துவிட்டன. வீடு பெருகும் வேகத்தில் போலீஸ் நிலையம் பெருகுவதில்லை. இரண்டு வீட்டில் திருட்டு நடந்ததும் மூன்றாவது வாரம் வாட்ஸப்பில் பேச்சு தொடங்கும்: "நாமே ஆள் வைத்துக்கொள்ளலாம்."

அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படிச் சொன்னால் அதன் பொருளே வேறு. கலிஃபோர்னியாவில் லேக்வுட் என்ற புறநகர் 1954இல் தனி நகரமானபோது, தனக்கென்று போலீஸ் படை அமைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஷெரிஃபுக்கே பணம் கட்டிக் காவலை ஒப்பந்தத்தில் வாங்கியது. வான்கூவரை அடுத்த சர்ரே, பல்லாண்டுகளாக மத்தியக் காவல் படையை ஒப்பந்தத்தில் வைத்திருந்துவிட்டு, 2024 நவம்பரில் பொறுப்பைத் தன் சொந்தப் படையிடம் மாற்றிக்கொண்டது. அங்கே ஊர் வாங்குவது நிஜமான போலீஸை. கைது செய்யும் அதிகாரத்தோடு சேர்த்து.

மலேசியாவில் அந்த வழி இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் போலீஸ் கூட்டரசின் கையில் இருக்கிறது. ஜொகூர் மாநில அரசோ, பத்து பாகாட் நகராண்மைக் கழகமோ போலீஸை வாடகைக்கு எடுக்க முடியாது. தாமான் சங்கம் எம்மாத்திரம்? ஆகவே நாம் அமர்த்துவது 1971ஆம் ஆண்டின் தனியார் முகவர் நிறுவனச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சிடம் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஊழியரை. சீருடை இருக்கலாம், தொப்பி இருக்கலாம். சட்டத்தின் முன் அவரும் நம்மைப் போல ஒரு தனிமனிதர்தான்.

தனிமனிதரும் ஒருவரைப் பிடிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் குற்றம் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். ஜாமீன் இல்லாத, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று சுற்று சுற்றுவது குற்றமே இல்லை. அவனைத் தடுத்துப் பையைச் சோதித்தால் சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்பவர் நம் ஜாகாதான். வருகிறவரின் மைகார்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் இல்லை.

"எங்கப்பா காலத்துல தோட்டத்து ஜாகா துப்பாக்கியோட நிப்பாரே" என்றார் அந்த அம்மா. நின்றார்கள்தான். 1948இல் அவசரகாலம் தொடங்கியபோது தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்தினார்கள். அவர்கள் போலீஸ் படையில் சேர்க்கப்பட்டவர்கள், அதிகாரம் அரசு கொடுத்தது. லயத்து மக்களின் நினைவில் சீருடையும் அதிகாரமும் ஒன்றாகப் பதிந்துபோனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்றைய ஜாகாவிடமும் அதையே எதிர்பார்க்கிறோம்.

அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு இன்று அருகில் இருப்பது துணை போலீஸ். 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் 47ஆம் பிரிவு. போலீஸ் படைத் தலைவர் ஒப்புதல் தருவார், சம்பளத்தை அமர்த்தும் நிறுவனம் கொடுக்கும். கேடிஎம் ரயில்வேயில் பார்க்கலாம், விமான நிலையத்தில் பார்க்கலாம். இருநூறு வீட்டுத் தாமானுக்கு அது எட்டுகிற காரியம் அல்ல.

கட்டணத்துக்கு வருவோம். கூட்டத்தில் சத்தம் கூடுவது இங்கேதான்.

ஒரு காவல் கொட்டகையில் இரவும் பகலும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். 2023 முதல் ஒருவரின் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்குமேல் போகக்கூடாது. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய நான்கு ஆள் வருகிறது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்கணக்கில் பார்த்தால் சம்பளம் மட்டும் 6,300 வெள்ளியைத் தாண்டும். உள்ளூர்த் தொழிலாளி என்றால் முதலாளி கட்டும் இபிஎஃப் 13 விழுக்காடு; தொகை 7,000க்கு மேல். இன்னும் சொக்சோ, விடுமுறைக்கு மாற்று ஆள், நிறுவனத்தின் லாபம் எதையும் சேர்க்கவில்லை. இருநூறு வீடும் கட்டினால் வீட்டுக்கு 36 வெள்ளி. நூற்றிருபது வீடு மட்டும் கட்டினால் 60. அந்த அம்மா சொன்ன அறுபதின் கணக்கு இதுதான். இரண்டாவது வாசல் திறந்தால் எல்லாம் இரட்டிக்கும். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை மட்டும் என்றால் பாதியாகும்.

இதைவிடக் குறைவாக ஒரு நிறுவனம் விலை சொன்னால் மகிழ வேண்டாம். மீதியை யாரோ கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது ஓவர்டைம் இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற ஜாகா. அறுபது வயது தாண்டிய நம்மூர்க்காரராக இருப்பார், அல்லது நேப்பாளத்திலிருந்து வந்தவராக இருப்பார்.  விடியற்காலை நான்கு மணிக்கு அவர் நாற்காலியில் தூங்கிப்போனால் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறோம். ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேர ஷிப்டுக்குக் கையெழுத்துப் போட்டோம் என்று பார்ப்பதில்லை. இது எனக்கு மனதை அறுக்கிற விஷயம்.

கட்டாத எண்பது வீட்டை என்ன செய்வது? நம் தாமான் 'கேட்டட்' அல்ல, 'கார்டட்'. வித்தியாசம் பெரியது. ஸ்ட்ராட்டா பட்டாவோடு விற்ற குடியிருப்பில் சாலையும் வேலியும் பொதுச் சொத்து, பராமரிப்புக் கட்டணத்தைச் சட்டப்படி வசூலிக்கலாம். நம் சாலை எல்லோருக்குமானது. 2010இல் வந்த கூட்டரசு வழிகாட்டி, நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் பெரும்பான்மை வீடுகளின் சம்மதமும் வேண்டும் என்கிறது. சேராதவரைக் கட்டாயப்படுத்த இடமில்லை. கோத்தா டாமான்சாராவில் டி'வில்லா எக்வெஸ்ட்ரியன் குடியிருப்பில் இது வழக்கே ஆனது. கட்டணம் செலுத்தாதவர்கள் பூம் கேட்டைத் தாங்களே தூக்கிக்கொள்ள வேண்டும் என்றது சங்கம். பொதுச் சாலையை அடைப்பதாகச் சொல்லி ஒரு குடியிருப்பாளர் நீதிமன்றம் போனார். 2015இல் கூட்டரசு நீதிமன்றம், உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியோடு போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது சாலையை அடைப்பதாகாது என்று சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கவனியுங்கள், கட்டாதவருக்கும் வழி திறந்தே இருந்தது. ஜாகா தூக்கிவிடும் சேவைதான் இல்லை. அவ்வளவோடு நிறுத்திக்கொள்வதுதான் அண்டை வீட்டாருக்கும் அழகு. கட்டாதவர்களில் வேலை இழந்தவரும் உண்டு, தனியாக இருக்கும் பாட்டியும் உண்டு.

அவர்களுக்கும் இடம் தரும் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா, 2012இல் தனிச் சட்டமே பெற்றது. அதன்கீழ் எஸ்ஆர்எஸ் தன்னார்வ ரோந்து அமைக்கலாம். பணம் இல்லாதவர் வாரத்தில் ஓர் இரவு கொடுக்கலாம். கூலி ஜாகாவும் எஸ்ஆர்எஸ்ஸும் சேர்ந்து நடக்கும் தாமான்தான் எனக்குப் பிடித்தது.

"அப்ப ஜாகா எதுக்குத்தான் அண்ணே?" என்றார் அந்த அம்மா, கிளாஸின் அடியில் தங்கிய பாலைக் கலக்கியபடி.

அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். மேசையில் நீல அட்டை நோட்டு, ராஃபியா கயிற்றில் கட்டிய பேனா. அன்று மாலை ஜாகா எழுதியிருந்தார்: 6.40, 6.52, 7.05, மூன்று முறையும் J என்று தொடங்கும் ஒரே வண்டி எண். பக்கத்தில் சிவப்பு ஜாக்கெட், ஹெல்மெட்டில் விரிசல். அந்த அம்மா மெதுவாக வாசித்தார். அதைக் கைபேசியில் படம் எடுத்துப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவது யார் வேலை என்று எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. அடுத்த கூட்டத்தின் முதல் பேச்சாக அதை எழுதிக்கொண்டோம். இரண்டாவது, கொட்டகைக்கு ஒரு மின்விசிறி.