கோயில் சுவரே கணக்கேடு!

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் சாணார்பட்டி. சுற்றியுள்ள சிற்றூர்கள் பலவற்றுக்கு ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். சிறுமலை அருகிருந்தும் வற்றாத ஆற்றுப் பாசனம் இல்லாத பூமி இது. மழையையும் கிணற்றையும் கண்மாயையும் நம்பியே இங்கு உழவு நடக்கிறது. வானம் பார்த்த மண்ணில் அம்மன் வழிபாடு ஆழ வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை.

இத்தகைய ஊர்களில் திருவிழா, சாமி சாட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெரியவர்கள் மந்தையில் கூடி நாள் குறிக்கிறார்கள். தலைக்கட்டு வரி இவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள். காப்புக் கட்டி, முளைப்பாரி எடுத்து, பொங்கல் வைத்து விழா நிறைந்தபின், அதே ஊரார் முன்னிலையில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. அம்மன் காசில் ஒரு காசு குறைந்தாலும் கேள்வி எழும். தெய்வத்தின் முன் கணக்குச் சொல்லும் இவ்வழக்கத்துக்கு, தமிழ் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த கல்லெழுத்துச் சான்று உண்டு.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் அச்சான்றைக் காணலாம். முதலாம் பராந்தக சோழரின் ஆட்சியில், அவ்வூர் மகாசபை கூடிய மண்டபமே இன்று அக்கோயிலாக விளங்குகிறது. 919-ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டும், 921-இல் அதனைத் திருத்தி மற்றொன்றும் பொறிக்கப்பட்டன. முதல் விதியில் 30 முதல் 60 வரை என்றிருந்த உறுப்பினர் வயது, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என மாறியது. நடைமுறையில் கண்ட குறையை இரண்டே ஆண்டுகளில் திருத்திக்கொண்ட சபை அது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டுவர். கோயில் நம்பிமார் உள்ளிட்ட அனைவரும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். பெறுபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. அவர் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசித்த பிறகே தேர்வு உறுதியாகும். இதுவே குடவோலை முறை.

இவ்வாறு சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். ஊரின் உயிர்நாடியாகிய வைரமேக தடாகத்தைத் தூர்வாரிப் பேணுவதற்கு அளிக்கப்பட்ட கொடைகளையும் அவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன. ஏரிக்கென்றே தனி வாரியம் அமைத்த அருமையை, கண்மாய் நிறைவதற்காகக் காத்திருக்கும் சாணார்பட்டி உழவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யார் உறுப்பினராகக் கூடாது என்பதை அக்கல்வெட்டு மிகக் கண்டிப்பாக வகுத்துள்ளது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. கடந்த மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. அனைத்திலும் கடுமையானது ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அவருடைய மக்கள், உடன்பிறந்தார், மாமன், மைத்துனன் என நெருங்கிய உறவினருக்கும் இத்தடை நீள்கிறது. கணக்கெழுதுவோரும், தம் கணக்கைத் தாமே காட்டி, நேர்மையானவர் என்று சபையோரால் ஏற்கப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணியைப் பெற முடிந்தது.

பழம்பெருமை பேசும்போது குறையையும் மறைக்கலாகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவருக்கே அச்சபையில் இடமிருந்தது. நிலத்தில் உழைத்தோர்க்கும் பெண்களுக்கும் அங்குக் குரல் இல்லை. ஏனைய ஊர்களில் ‘ஊர்’ என்ற அவையும், வணிகர்க்கு ‘நகரம்’ என்ற அவையும் இயங்கின. ஆயினும் அவற்றிலும் எல்லோர்க்கும் சம உரிமை இருந்ததாகக் கொள்ள இயலாது.

அன்று சிலருக்கே இருந்த உரிமையை இன்று சட்டம் எல்லோர்க்கும் வழங்கியிருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உயிர் கொடுத்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினரே. அதற்குக் குடத்தில் ஓலை இட வேண்டியதில்லை, நிலம் வேண்டியதில்லை, ஆண், பெண் வேறுபாடும் இல்லை.

திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குச் சென்றது. தலைவர் நாற்காலி காலியாகலாம்; வார்டு உறுப்பினர் பதவியும் முடியலாம். கிராம சபை உறுப்பினருக்கோ பதவிக்காலம் என்பதே இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் வரவு செலவைக் கேட்டறியும் கடமை ஊராருக்கு மேலும் கூடுகிறது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் தமிழகத்தில் கிராம சபை கூடுவதற்குரியவை. குடிநீர், தெருவிளக்கு, கண்மாய்ப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான செலவை அங்கே கேட்கலாம். கேட்காமல் இருந்துவிட்டு, கையெழுத்திட்டு மட்டும் திரும்பினால், வந்தோர் எண்ணிக்கைக்குத்தான் அக்கையெழுத்து பயன்படும்.

கோயில் உண்டியலில் இட்ட காணிக்கை தெய்வத்தின் சொத்து என்று அஞ்சுகிறோம். ஊராட்சிக்குச் செலுத்தும் வீட்டு வரியும் அவ்வாறே ஊரின் பொதுச்சொத்து. அம்மன் திருவிழாக் கணக்கை மந்தையில் அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் குடும்பங்கள், அடுத்த கிராம சபைக்கும் ஒன்றாகச் செல்லட்டும். வீட்டுப் பெண்களையும், முதன்முதலாக வாக்குரிமை பெற்ற பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லட்டும். ஊர்க் கணக்கு முழுவதும் வாசித்து முடியும்வரை அமர்ந்து கேட்பதும் அம்மனுக்குச் செய்யும் தொண்டே.